மொட்டை மாடியில் சனி

ராத்திரி எட்டு மணிக்கு மேல் பாலக்கரையில் மொட்டை மாடிக்குப் போகிறவர்கள் மூன்று வகை. காய்ந்த துணியை எடுக்க மறந்தவர்கள். செல்போனில் 'ம்... சொல்லு... ம்...' என்று மணிக்கணக்காக உலாத்துகிறவர்கள். மூன்றாவது வகையில் எங்கள் தெருவுக்கு நான் ஒருவன்தான்.

என்னிடம் ஒரு பத்துக்கு ஐம்பது பைனாகுலர், எழுபது மில்லிமீட்டர் டெலஸ்கோப், மடக்கு நாற்காலி, கொசுவர்த்திச் சுருள் என்று நாலு உபகரணங்கள் உண்டு. வானத்தைப் பார்க்க ரொம்ப அவசியமானது அந்த நாலாவது.

பைனாகுலர் வாங்கிய புதிதில் எதிர்வீட்டுக்காரர் விறுவிறுவென்று எங்கள் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"ஸார், உங்களை நான் பெரிய மனுஷன்னு நினைச்சிட்டிருந்தேன். இந்த வயசுல இதெல்லாம்..."

நான் ஒன்றும் பேசவில்லை. பைனாகுலரை அவர் கையில் கொடுத்து, முழங்கையைச் சுவரில் ஊன்றச் சொல்லி, வியாழனைக் காட்டினேன்.

"பக்கத்துல சின்னச் சின்னதா புள்ளி தெரியுதே?"

"அதோட நிலா ஸார். கலிலியோ 1610-ல பார்த்தது இதே நாலு பேரைத்தான்."

பத்து நிமிஷம் பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை. மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். இப்போது அவருடைய புகாரே வேறு. "போன வாரம் பூரா மேகமா இருந்துதே, நீங்க ஒண்ணும் பண்ணலையா ஸார்?"

'பாலக்கரையில் வானம் எங்கே ஸார் இருக்கு?' என்று ஆபீஸில் கேட்பார்கள். நியாயம்தான். ரவுண்டானா விளக்கு, கடை போர்டு, பஸ் ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து எங்கள் வானத்தை மோர்க்குழம்பு நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. நல்ல இருட்டுக் கிராமத்தில் ஒரே நேரத்தில் இரண்டாயிரம் நட்சத்திரத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியும். எங்கள் மாடியில் நூறு தேறினால் அதிர்ஷ்டம். ஆனால் அந்த நூறும் முக்கியஸ்தர்கள். கல்யாணத்துக்கு ஊரே வராவிட்டால் என்ன, சம்பந்தி வந்துவிட்டால் போதாதா? கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, சித்திரை, சுவாதி, கேட்டை எல்லாரும் வருஷத்தில் ஒரு தடவையாவது தலையைக் காட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.

வடக்கே மலைக்கோட்டை. தூசி இல்லாத ராத்திரியில் உச்சிப் பிள்ளையார் பக்கம் திரும்பி, கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். ஒரு முஷ்டி அகலம் வானத்தில் சுமாராகப் பத்து டிகிரி. அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி, அதற்கு மேல் கொஞ்சம் கொசுறு. அங்கே மங்கலாக ஒன்று தெரியும். துருவ நட்சத்திரம். திருச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே கிட்டத்தட்ட பதினோரு டிகிரியில் இருக்கிறது. எந்த ஊர் எத்தனை டிகிரியோ, அந்த ஊரில் அது அத்தனை உயரம். டில்லிக்குப் போனால் மூன்று முஷ்டி. அது இருந்த இடத்தை விட்டு அசையாது, மற்ற எல்லாரும் அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். எங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். வந்தது வினை. 2019 டிசம்பர் 26 காலை வளைய சூரிய கிரகணம். கோயமுத்தூர், கரூர், திருச்சி, புதுக்கோட்டை எல்லாம் வளையம் தெரிகிற பாதையிலேயே இருந்தன. தெருவில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு, வாசலில் நடக்கிற கிரகணத்தை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாடியில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு கிரகணக் கண்ணாடியை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு 'கிரகண ஸார்' என்று பெயர். நாளடைவில் கிரகணம் தேய்ந்து 'கிரக ஸார்' ஆகிவிட்டது. அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? இட்லி மாவு வாங்கப் போன இடத்தில்கூட ஜாதகத்தை நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"நான் அது இல்லீங்க. நான் சும்மா பார்க்கிறவன்."

"அதாங்க. சும்மா பார்த்துச் சொல்லுங்க. காசு தரோம்."

*

2020 டிசம்பர். கொரோனாவின் முதல் வருஷம். எங்களுக்கு மேல் போர்ஷனில் ஒரு குடும்பம். அப்பா காந்தி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவர். ஒரே பையன். டிகிரி முடித்துவிட்டு அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். இரண்டு தடவை போய்விட்டது. அந்த மாசம் மூன்றாவதும் போயிற்று. ஒன்றரை மார்க்கில்.

மேலே சத்தமே இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் அம்மா தண்ணீர் பிடிக்க வந்தபோது என் மனைவியிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். "சாப்பிட மாட்டேங்கறான்க்கா. ரூமை விட்டு வெளியிலயே வர்றதில்லை. ஜோசியர்கிட்ட கேட்டேன். கும்ப ராசி. இருபத்தேழாம் தேதி ஏழரை ஆரம்பிக்குதாம்."

அன்று ராத்திரி பத்து மணி இருக்கும். நான் மாடியில் உட்கார்ந்திருந்தேன். படியில் காலடிச் சத்தம். அவன்தான். நான் இருட்டில் இருந்தது அவனுக்குத் தெரியவில்லை. நேராகக் கைப்பிடிச் சுவருக்குப் போனான். இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான்.

கீழே பார்த்தான்.

மூன்று மாடி. கீழே தெருவில் ஒன்றும் இல்லை. ஒரு நாய் மட்டும். அவன் ரொம்ப நேரம் பார்த்தான்.

ராத்திரி மாடிக்கு வந்து மேலே பார்க்கிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் கீழே பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கிறவனைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. எழுந்து போய்ப் பிடிக்கலாமா? கூப்பிடலாமா? சடாரென்று குரல் கொடுத்தால் வேறு மாதிரி ஆகிவிடுமோ? என்ன சொல்வது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் சொன்னேன், சாதாரணமாக.

"தம்பி, இந்த நாற்காலியைக் கொஞ்சம் பிடிப்பா. கால் ஆடுது."

திடுக்கிட்டுத் திரும்பினான். வந்தான். நாற்காலியைப் பிடித்தான். கையோடு கையாக பைனாகுலரைக் கொடுத்து, தலைக்கு மேலே கார்த்திகையைக் காட்டினேன்.

"எத்தனை எண்ண முடியுது சொல்லு. வெறும் கண்ணுக்கு ஆறு. எனக்கு வயசாச்சு, நாலுதான் தெரியுது."

வாங்கினான். மரியாதைக்குத்தான் வாங்கினான். கொஞ்ச நேரம் கழித்து, "இருபத்தெட்டு... முப்பது... ஸார், நிறைய இருக்கு" என்றான். குரல் கம்மியிருந்தது. நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"ஏழரை எப்ப ஆரம்பம்?"

"இருபத்தேழாம் தேதி ஸார்."

"இன்னிக்குத் தேதி பத்தொன்பது. மூணு பரீட்சையும் அதுக்கு முன்னாடி எழுதினதுதானே? அதுக்கு யார் பொறுப்பு?"

லேசாகச் சிரித்தான். அது போதும் எனக்கு.

"நாளன்னிக்கு சாயங்காலம் ஆறே முக்காலுக்கு வா. உன்னைப் பிடிக்கப் போறவரை நேர்ல காட்டறேன்."

கீழே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே மேலே போய் அந்த அம்மாவிடம் பக்குவமாகப் பேசிவிட்டு வந்தாள். அந்த இரண்டு நாளும் அவன் அப்பா மண்டிக்குப் போகவில்லை. பையனோடு கேரம் ஆடினார் என்று கேள்வி. சில வைத்தியத்துக்கு டெலஸ்கோப் தேவையில்லை.

*

நான் தேதி சொன்னதற்குக் காரணம் இருந்தது. 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் வானத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. இருபது வருஷத்துக்கு ஒருமுறை இவர்கள் சந்திப்பது வழக்கம். ஆனால் இவ்வளவு நெருக்கமாக வந்தது 1623-க்குப் பிறகு அன்றுதான். நிலாவின் அகலத்தை ஐந்து பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் இடைவெளி. இனிமேல் இந்த மாதிரி 2080 மார்ச்சில். நான் இருக்க மாட்டேன். அவன் இருக்க வேண்டும்.

காலையிலிருந்து மேகம். மார்கழி மழைக்கு மிச்சம். ஆறு மணிக்குச் சூரியன் அஸ்தமித்தபோதும் தென்மேற்கு மூட்டமாகவே இருந்தது. ஆறே முக்காலுக்குப் பையன் வந்தான், பின்னால் அவன் அம்மா, அவருக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர். தலைக்கு மேல் அரை நிலா மட்டும் மேகத்துக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஏழு மணி ஆயிற்று. எட்டுக்கெல்லாம் இரண்டு கிரகமும் மறைந்துவிடும். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

ஏழே காலுக்கு ஜங்ஷன் பக்கம் மேகம் கிழிந்தது. டெலஸ்கோப்பைத் திருப்பினேன். ஒரே வட்டத்துக்குள் இருவரும். கொதிக்கிற ரசத்துக்குள் பார்ப்பது போலத் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாரு தம்பி. பெரிசா வெள்ளையா இருக்கறது வியாழன். பக்கத்துல மஞ்சளா, சின்னதா இருக்கறது..."

அவன் குனிந்து கண்ணை வைத்தான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஸார்... இதுக்குக் காது இருக்கு."

"கலிலியோவும் தடுமாறினார். 1610-ல் பார்த்துவிட்டு மூணு உருண்டை சேர்ந்திருக்குன்னு எழுதினார். ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தால் பக்கத்து உருண்டைகளைக் காணோம். மனுஷர் ஆடிப்போய்ட்டார். அது வளையம்னு ஹைகன்ஸ் புஸ்தகம் போட்டு விளக்கினது 1659-ல."

"இவ்வளவு அழகா இருக்கு. இதுவா ஸார் என்னைப் பிடிக்குது?"

"இப்ப அது இங்கேயிருந்து நூத்தி அறுபது கோடி கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கு. நீ பார்க்கற வெளிச்சம் அங்கேயிருந்து கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆச்சு. நம்ம பூமியை வரிசையா வெச்சா குறுக்கே ஒன்பது பிடிக்கும். அதுக்கு ஒன்றரை மார்க்கைப் பத்தி யோசிக்க நேரமிருக்குமா, சொல்லு."

நான் யாருடைய நம்பிக்கையையும் கிண்டல் செய்யவில்லை. திருநள்ளாறு போய்வந்த என் மாமியார் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர். கணக்கை மட்டும் சொன்னேன். சூரியனை ஒரு தடவை சுற்றிவர சனிக்கு இருபத்தொன்பதரை வருஷம். பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் தலைக்கு ஏறக்குறைய இரண்டரை. உன் ராசி, அதற்கு முந்தினது, பிந்தினது ஆக மூன்று. கூட்டினால் ஏழரை. டெலஸ்கோப் இல்லாத காலத்தில் யாரோ சில பேர் முப்பது வருஷம் சலிக்காமல் ஒரு புள்ளியைப் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்த கணக்கு இது. பயத்தைச் சேர்த்தவர்கள் யாரோ, பார்த்தவர்களை நான் கும்பிடுகிறேன்.

இன்னொரு வேடிக்கை. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி மகரத்துக்கு 2020 ஜனவரி 24-லேயே வந்தாயிற்று. வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 27. அதே சனி, அதே வானம், பதினோரு மாச வித்தியாசம்.

"அப்ப யாரை நம்பறது ஸார்?"

"பார்த்தவனை."

திருக்கணிதம் என்றாலே கண்ணால் பார்த்துச் சரிபார்த்த கணக்கு என்றுதான் அர்த்தம். இதற்காக மல்லுக்கட்டியவர் நம்மூர்க்காரர் ஒருவர். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானிலை ஆய்வகத்தில் என்று சொல்வார்கள், உண்மையில் அது நட்சத்திரம் பார்க்கிற ஆய்வகம். அங்கே உதவியாளராக இருந்தார். 1867-ல் வெளிச்சம் கூடிக் குறைகிற ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1874-ல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்தபோது, ஜனங்களுக்குப் புரியட்டும் என்று தமிழிலும் வேறு பாஷைகளிலும் சின்னப் புத்தகம் போட்டார்.

"அவர் ஆபீஸர் ஸார். ஆய்வகத்திலேயே வேலை. நம்மள மாதிரி ஆளுங்க?"

அதற்குத்தான் காத்திருந்தேன். மேகம் மறுபடி மூடிக்கொண்டது. டெலஸ்கோப்புக்குத் தொப்பி போட்டுவிட்டு உட்கார்ந்து கதையைச் சொன்னேன்.

*

ராதா கோவிந்த சந்திரா என்று ஒருவர். 1878-ல் பிறந்தவர். இப்போது பங்களாதேஷில் இருக்கிற ஜெஸ்ஸோர்காரர். பள்ளிக்கூடம் முடிக்கிற என்ட்ரன்ஸ் பரீட்சை எழுதினார். ஃபெயில். மறுபடி எழுதினார். ஃபெயில். மூன்றாம் தடவையும் ஃபெயில். படிப்பு போதும் என்று கலெக்டர் ஆபீஸ் கருவூலத்தில் வேலைக்குச் சேர்ந்தார். காசு எண்ணுகிற வேலை. சம்பளம் மாதம் 15 ரூபாய்.

பகலெல்லாம் காசு. ராத்திரி மாடி. 1910-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது சின்ன பைனாகுலர் ஒன்றை வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாகப் பார்த்து எழுதினார். 1912-ல் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குல டெலஸ்கோப் ஒன்றை வரவழைத்தார். அந்தச் சம்பளத்தில் அது என்ன பாடு என்பது மாசக் கடைசியில் இதைப் படிக்கிறவர்களுக்குப் புரியும்.

1918 ஜூன். வானத்தைப் பார்க்கிறார். கழுகு மண்டலத்தில் நேற்றுவரை இல்லாத இடத்தில் ஜொலிஜொலியென்று ஒன்று! நோவா. வெடித்துப் பிரகாசித்த நட்சத்திரம். உலகத்தில் இன்னும் சில பேரும் அந்த ராத்திரிகளில் தனித்தனியாக அதைக் கண்டார்கள். கருவூல குமாஸ்தாவும் அவர்களில் ஒருவர். வானத்தில் எது எங்கே இருக்கும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவனுக்குத்தான் புதிதாக வந்தவன் கண்ணில் படுவான்.

அமெரிக்காவில் மாறும் நட்சத்திரங்களைப் பார்ப்பவர்களுக்கென்று 1911-ல் ஆரம்பித்த ஒரு சங்கம் உண்டு. தொழில்முறை விஞ்ஞானிகளால் எல்லா நட்சத்திரத்தையும் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பொழுதுபோக்காகப் பார்க்கிறவர்கள் பார்த்து எழுதி அனுப்பினால் அவர்களுக்கு உபயோகம். சந்திரா அனுப்ப ஆரம்பித்தார். இவருடைய கணக்கின் சுத்தத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சங்கத்தார் 1926-ல் ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் பெரிய டெலஸ்கோப் ஒன்றைக் கப்பலில் அனுப்பிவைத்தார்கள். 1928-ல் பிரெஞ்சு அரசாங்கம் கௌரவப் பட்டம் கொடுத்தது. மெட்ரிகுலேஷன் தாண்டாதவருக்கு!

1954-ல் கண்ணும் உடம்பும் தளர்ந்து நிறுத்துகிறவரை அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000-க்கு மேல். பிரிவினைக்குப் பிறகு ஊரை விட்டு மேற்கு வங்காளத்துக்கு வந்து, 1975-ல் வறுமையில் காலமானார். கடைசிவரை பணக்காரர் ஆகவில்லை. கதையில் அந்த இடத்தை நான் மறைக்கவில்லை.

"அந்த டெலஸ்கோப் என்னாச்சு ஸார்?"

"அவர் திருப்பிக் கொடுத்துட்டார். சங்கத்துக்காரங்க அதை வைனு பாப்புங்கற இந்திய விஞ்ஞானிக்குக் கொடுக்கச் சொன்னாங்க. கைமாறிக் கைமாறி எங்கே வந்தது தெரியுமா? நம்ம காவலூருக்கு. ஜவ்வாது மலையில இருக்கே, அந்த ஆய்வகத்துக்கு."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மாதான் கேட்டார். "மூணு தடவையா அண்ணே ஃபெயிலானாரு?"

"மூணு தடவை."

அந்த அம்மா பையனைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

*

மறுநாளிலிருந்து அவன் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பாடம் திருவாதிரை. மார்கழியில் ஏழு, எட்டு மணிக்குக் கிழக்கே செக்கச்செவேலென்று ஏறி வருமே, அதுதான். ஆங்கிலத்தில் பெட்டல்ஜூஸ் என்பார்கள். 2019 கடைசியில் அது திடீரென்று மங்க ஆரம்பித்து, 2020 பிப்ரவரியில் வழக்கமான வெளிச்சத்தில் பாதிக்கு மேல் இழந்துவிட்டது. வெடிக்கப் போகிறது என்று உலகமே பரபரத்தது. வெடிக்கவில்லை. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி அதன் முகத்தையே மறைத்துக்கொண்டது என்று பிறகு தெரிந்தது. மறுபடி தேறிவிட்டது. இந்த வீழ்ச்சியையும் எழுச்சியையும் நாள்தோறும் குறித்தவர்களில் எத்தனையோ பேர் மொட்டை மாடி ஆசாமிகள்தான். கருவி என்ன? வெறும் கண்.

செய்முறை ரொம்ப சுலபம். பக்கத்தில் வெளிச்சம் மாறாத இரண்டு பேரை எடுத்துக்கொள்ள வேண்டும். ரோகிணியின் எண் 0.9. வேட்டைக்காரன் மண்டலத்தின் இன்னொரு தோளில் இருக்கிற பெல்லாட்ரிக்ஸ் 1.6. இது ரேங்க் மாதிரி. எண் குறைந்தால் பிரகாசம் அதிகம். நம்ம ஆள் இந்த இருவரில் யாரைவிட மேல், யாரைவிடக் கீழ், எவ்வளவு என்று ஊகித்து, தேதியும் மணியும் போட்டு எழுதிவிட வேண்டும். தீர்ந்தது.

முதல் நாள் அவன் எழுதியதைப் பார்த்தேன். தப்பு. இரண்டாம் நாளும் தப்பு.

"தப்பா ஸார்?" முகம் சுருங்கிவிட்டது.

"கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தானே எழுதினே? அப்ப சரி. உன் தப்பு, என் தப்பு, ஜப்பான்காரன் தப்பு எல்லாத்தையும் சேர்த்து சராசரி எடுத்தா சரிக்குப் பக்கத்துல வந்துடும். இதுல பாஸ் மார்க் கிடையாதுப்பா. வந்தியா, பார்த்தியா, பார்த்ததை எழுதினியா, அவ்வளவுதான். பொய் எழுதினா மட்டும்தான் ஃபெயில்."

வாசகர்களில் யாருக்காவது ஆசை வந்தால் உடனே கடைக்கு ஓடி டெலஸ்கோப் வாங்காதீர்கள். முதல் ஆறு மாசம் கண் போதும். மாடிக்குப் போனதும் செல்போனைப் பையில் போட்டுவிட்டு இருபது நிமிஷம் இருட்டில் சும்மா உட்காருங்கள். கண் அப்போதுதான் பழகும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். அடுத்தது பைனாகுலர். டெலஸ்கோப் அதற்கப்புறம். திருச்சிக்காரர்கள் விமான நிலையம் பக்கம் உள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்துக்கு ஒரு நடை போய்வரலாம். ஒன்றே ஒன்று: எதைக்கொண்டும் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். அதற்குச் சரியான வடிகட்டி வேண்டும். கண் ஒரே ஒரு ஜோடிதான், ஸ்பேர் கிடையாது.

*

பையன் நாலாவது பரீட்சையும் எழுதினான். பாஸாகியிருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அதுவும் போயிற்று.

ரிசல்ட் வந்த அன்று ராத்திரி எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒன்பது மணிக்கே மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். பத்து மணிக்குக் காலடிச் சத்தம். வந்தான். கைப்பிடிச் சுவர் பக்கம் போனான். இரண்டு கையையும் ஊன்றினான்.

மேலே பார்த்தான். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தான்.

நான் கொசுவர்த்தியை ஏற்றினேன். இரண்டு பேரும் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் அவனுக்கு வேலை கிடைத்தது. அரசாங்க வேலை இல்லை. பெரம்பலூர் தாண்டி ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கணக்கு. பகலெல்லாம் நட்டு, போல்ட்டு எண்ணுகிறான். ரூம் ஊருக்கு வெளியே. வானம் கரி மாதிரி இருட்டாம். என்னை அழைத்து வெறுப்பேற்றுகிறான். ஏழரை இன்னும் முடியவில்லை என்பதை அவன் அம்மா மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார். "விலகிடுச்சா அண்ணே?" என்று போன மாசம்கூடக் கேட்டார்.

"விலகலைம்மா. பையன் விட மாட்டேங்கறான்" என்றேன்.

2025 நவம்பரில் ஒரு ராத்திரி போன். பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை சனியின் வளையம் நம் பார்வைக்குக் கத்தி விளிம்பு மாதிரி பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். கலிலியோவை ஆடவைத்த அதே சமாச்சாரம். மயிரிழை மாதிரி ஒரு கோடுதான் மிச்சம்.

"ஸார், பார்த்தீங்களா? வளையமே காணோம்."

"பார்த்தேன்ப்பா."

"பாவம் ஸார். சனிக்கே இப்ப நேரம் சரியில்லை போலிருக்கு."